பழைய கார்வெட்டும் அதன் சொந்தக்காரர்களும்

1954-ஆம் ஆண்டு முடிந்தபோது ஷெவர்லே நிறுவனத்திடம் விற்காத கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆயிரத்துக்கும் மேல் தேங்கிக் கிடந்தன. அந்த ஆண்டு செய்தது 3,640. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்க ஆளில்லை. மறு ஆண்டு 700 கார் மட்டும் செய்து நிறுத்திக்கொண்டார்கள். தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் மேலிடத்தில் இதை மூடிவிடலாமா என்ற பேச்சே நடந்தது. இன்று அதே மாடல்களுக்கு ஏலக்கூடங்களில் போட்டி போட்டுக் கை தூக்குகிறார்கள்.

அன்று வாங்காமல் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த மோட்டோரமா கண்காட்சியில், வடிவமைப்புத் தலைவர் ஹார்லி எர்ல் காட்டிய மாதிரி காரைப் பார்த்துக் கூட்டம் சொக்கிப்போனது உண்மை. அந்த வேகத்தில் ஜூன் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில் உற்பத்தியும் தொடங்கிவிட்டது. முதல் ஆண்டில் ஏறக்குறைய கைவேலையாகச் செய்த 300 கார்களும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. வேறு நிறம் கேட்க முடியாது. உடல் தகரமில்லை, ஃபைபர்கிளாஸ். கதவின் வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பக்கத் திரையை எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். என்ஜின், ஷெவர்லேயின் குடும்ப கார்களில் ஓடிய ஆறு சிலிண்டரைச் சற்று முறுக்கேற்றியது, 150 குதிரைசக்தி. கியர் பாக்ஸ் இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். விலை 3,498 டாலர். வேகம் வேண்டி வந்தவருக்கு இது போதவில்லை. சொகுசு வேண்டி வந்தவர் நனைந்தார்.

இப்படிப்பட்ட கார் எப்படி ஆசைப்பொருள் ஆனது, இன்றும் ஏன் அப்படியே இருக்கிறது? பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் காரணங்கள் பல: வேகம், அழகு, சத்தம், இளமை நினைவு, போட்ட பணம் பெருகும் என்ற நம்பிக்கை, வாரக் கடைசியில் கூடும் கூட்டாளிகள். கார்வெட்டை நடுவில் வைத்து, மஸ்டாங்கையும் மற்றவற்றையும் பக்கத்தில் வைத்து இவற்றை உரசிப் பார்க்கும்போது, முதலில் சொல்லப்படும் காரணங்களே முதலில் உதிர்கின்றன. உதிராமல் நிற்பது ஒன்று: ஆசைப்படவும் முடிந்தது, தவணையில் வாங்கவும் முடிந்தது, ஸ்பேனரை எடுத்துப் பிரித்து மாட்டவும் முடிந்தது. இந்த மூன்றும் ஒரே காரில் சேர்ந்தது அபூர்வம்.

அது தற்செயலாக நடக்கவில்லை. சோரா ஆர்கஸ்-டன்டோவ் 1909-இல் பிரஸ்ஸல்ஸில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்த பொறியாளர். மோட்டோரமாவில் கார்வெட்டைப் பார்த்து மயங்கி, ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கடிதம் எழுதி, 1953 மே மாதம் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். அந்த டிசம்பரில் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். பழைய கார்களைப் பிரித்து வேகம் கூட்டி ஓட்டும் ஹாட் ராட் இளைஞர்களைப் பற்றியது அது. அவர்கள் படிக்கும் பத்திரிகைகளில் பக்கத்துக்குப் பக்கம் ஃபோர்டு. அவர்கள் கையில் இருப்பதும் ஃபோர்டு என்ஜின். காரணம், ஃபோர்டுக்கு வேண்டிய விசேஷ உதிரிகள் கடையில் கிடைக்கின்றன. ஷெவர்லேயும் அவர்களுக்குத் தோதான கேம் ஷாஃப்ட் முதல் வால்வு வரை தானே செய்து கொடுத்தால் அவர்களை இழுக்கலாம் என்பது அவர் வாதம். வாங்கியவர் பானெட்டைத் திறந்து நோண்டுவார் என்பதை ஒரு கார் கம்பெனிக்குள்ளிருந்தே ஒருவர் வாய்ப்பாகக் கண்டார். கார்வெட்டின் பிற்காலக் கவர்ச்சி முழுவதுக்கும் விதை இந்தக் குறிப்பில் இருக்கிறது என்பேன்.

விதை முளைக்க என்ஜின் வேண்டியிருந்தது. எட் கோல் தலைமையில் உருவான 265 கன அங்குல வி8 என்ஜின் 1955-இல் வந்தது. சிறியது, எடை குறைந்தது, செய்யச் செலவும் குறைவு. அதே ஆண்டு ஃபோர்டு தன் தண்டர்பேர்டை இறக்கி 16,000-க்கு மேல் விற்றுவிட்டது. எதிராளி வென்ற களத்திலிருந்து தான் மட்டும் வெளியேறுவதா என்ற ரோஷமும் சேர்ந்துகொள்ள, கார்வெட் பிழைத்தது. 1956-இல் கதவுக்குக் கைப்பிடியும் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் வந்தன. 1957-இல் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் முறையோடு 283 கன அங்குல என்ஜின் 283 குதிரைசக்தி கொடுத்தது. ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்பது அன்று விளம்பரத்துக்கே போதுமான கணக்கு. 1960-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்கு பிரிக்ஸ் கன்னிங்ஹாம் கொண்டுபோன கார்வெட்டுகளில் ஒன்று தன் பிரிவில் முதலிடமும் மொத்தத்தில் எட்டாவது இடமும் பெற்றது.

விலையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 1963-இல் துணிக்கூரை போட்ட கார்வெட் 4,000 டாலருக்குச் சற்று மேல். இங்கிலாந்திலிருந்து வந்த ஜாகுவார் ஈ-டைப் அமெரிக்காவில் 5,600 டாலர் அளவில் விற்றது. இத்தாலியின் ஃபெராரிகளுக்கு அதைவிட மிக அதிகம். அந்த ஆண்டு ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் வருமானம் 6,200 டாலர் சுமார். குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு காருக்கா என்றால் அதிகம்தான். எட்டாக்கனி என்று சொல்ல முடியாது. கார் வாங்கக் கடன் கொடுப்பதற்கென்றே ஜெனரல் மோட்டார்ஸ் 1919-இலிருந்து தனி நிதி நிறுவனம் நடத்திவந்தது. தொழிற்சாலைக் கண்காணிப்பாளரும் கடைக்காரரும் தவணைக்கு வாங்கினார்கள். அதையும் தாங்க முடியாதவர்களுக்கு 1964 ஏப்ரல் 17 அன்று ஃபோர்டு மஸ்டாங் வந்தது: 2,368 டாலர், முதல் நாளிலேயே 22,000 ஆர்டர். உள்ளே பெரும்பகுதி ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்ப காரின் உறுப்புகள்தான். நீண்ட பானெட், குட்டையான பின்புறம் என்ற தோற்றத்தில் கனவை விற்றார்கள். இரண்டே இருக்கை கொண்டதாக இல்லாததால் அது ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது என்று கறாராகச் சொல்பவர்கள் உண்டு. ஓட்டியவர்கள் அந்தக் கறாரைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவில் ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் வசதி படைத்தவரின் இரண்டாவது கார். அமெரிக்காவில் அது ஊர்ப் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் பையன் எதிர்க்கடையில் பார்த்து ஏங்கிய கார். ஏங்கியவர் ஒரு நாள் வாங்கிவிட முடிந்ததுதான் வித்தியாசம்.

அழகு என்ற காரணத்துக்கு வருவோம். இதில் ஸ்டிங் ரே என்ற 1963 கார்வெட் மாடலின் பின்கண்ணாடிக் கதை ஒன்றே போதும். ஹார்லி எர்லுக்குப் பின் வடிவமைப்புத் தலைவரான பில் மிட்செல், லாரி ஷினோடா முதலியோரை வைத்து வரைந்த கூரை போட்ட மாடலில், முதுகெலும்பு போல ஒரு கோடு கூரையிலிருந்து வால் வரை ஓடும். அந்தக் கோடு பின்கண்ணாடியை இரண்டாகப் பிளக்கும். பின்னால் வரும் வண்டி தெரியவில்லை, எடுத்துவிடு என்றார் டன்டோவ். எடுத்தால் காரே இல்லை என்றார் மிட்செல். அந்த ஆண்டு மிட்செல் ஜெயித்தார். அடுத்த ஆண்டே டன்டோவ் ஜெயித்தார். 1964 மாடலில் கண்ணாடி ஒற்றையானது. ஆக பிளந்த கண்ணாடி ஒரே ஒரு ஆண்டுக்கு, 10,594 கார்களில் மட்டும்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். 1963 கார் வைத்திருந்த சிலர், தம் கார் பழசாகத் தெரியக்கூடாது என்று நடுத்தூணை அறுத்தெறிந்துவிட்டு 1964-இன் ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். காலம் திரும்பியது, பிளந்த கண்ணாடிக்கு ஏக கிராக்கி வந்தது. அறுத்தவர்களின் கார்களை வாங்கியவர்கள் மறுபடி தூணை வைத்து ஒட்ட வேண்டியதாயிற்று. பிற்கால மாடல்களுக்கும் பிளந்த கண்ணாடி வைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி மாறவில்லை, பார்க்கிறவர்கள் மாறிவிட்டார்கள். அழகுக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எது அழகு என்பதை அவருக்கு எண்ணிக்கையும் ஏலமும் பாதி சொல்லிக்கொடுத்துவிட்டன.

வேகம் என்ற காரணம் இன்று நிற்காது. 1963 ஸ்டிங் ரேயின் உச்ச என்ஜின் 360 குதிரைசக்தி என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அக்காலக் கணக்கு என்ஜினைத் தனியே மேசையில் வைத்து, மின்னாக்கி, சைலன்சர் போன்ற பாரங்கள் இல்லாமல் அளந்தது. 1972-இலிருந்து காரில் இருக்கும் நிலையில் அளக்கத் தொடங்கியபோது எண்கள் திடீரென்று இளைத்தன. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலை எட்ட அந்த ஸ்டிங் ரேக்கு ஏறக்குறைய 6 வினாடி ஆகும். இன்றைய டெஸ்லா மாடல் 3 குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் அதை முந்திப் போகும். நிறுத்துவதில் நிலைமை இன்னும் மோசம்: 1963, 1964 மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், டிஸ்க் பிரேக் 1965-இல்தான் வந்தது. வேகம் கூடக் கூட மூக்கு தரையிலிருந்து மேலெழும் குணமும் அந்த உடலுக்கு உண்டு. இத்தனைக்கும் மணிக்கு 50 மைலில் போகும்போது ஓட்டுபவருக்கு 100 மைலில் போவது போல இருக்கும். ஸ்டீயரிங் நடுங்குகிறது, காற்று அறைகிறது, என்ஜின் சூடு காலுக்கு வருகிறது. சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே இந்தப் பரபரப்பு கிடைப்பது, யோசித்தால், சின்ன லாபமில்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்பவர்கள் கவிதையில் இறங்கிவிடுவார்கள். காரணம் எந்திரத்தில் இருக்கிறது. பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர். அமெரிக்க வி8-இன் கிராங்க் ஷாஃப்ட், முன்னிருந்து பார்த்தால் கூட்டல் குறி போல நான்கு திசையில் முழங்கை நீட்டியது. ஷெவர்லே என்ஜினில் சிலிண்டர்கள் தீப்பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் ஓட்டுபவரின் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். வரிசையை நோட்டில் எழுதிப் பாருங்கள்: 8, 4 இரண்டும் அடுத்தடுத்து வலப்பக்கமே வெடிக்கின்றன, 5, 7 இரண்டும் இடப்பக்கமே. எனவே ஒவ்வொரு புகைக்குழாயிலும் சீரில்லாத தாளம். நின்றுகொண்டு ஓடும்போது கேட்கும் அந்தக் குமுறல் இந்தச் சீரின்மையால் வருவது. ஃபெராரியின் வி8-களில் கிராங்க் தட்டையானது. பக்கம் மாறி மாறி வெடிக்கும். ஒலி உச்சத்தில் கத்தும். எது இனிமை என்பது காதைப் பொறுத்தது. அமெரிக்கச் சத்தத்தைச் சின்ன வயதில் கேட்டவர்கள் வேறெதையும் என்ஜின் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

இனி அந்த ஸ்பேனர். 1957 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை இந்த வி8-இன் சிலிண்டர்களுக்குத் தீப்பொறி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். தகரக் கதவை மேலே தள்ளி, ஆலன் கீயை உள்ளே விட்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாயின்ட் செட்டின் இடைவெளியைச் சரிசெய்யலாம். திருகத் திருக என்ஜின் ஓசை மாறுவது காதில் விழும். சாதாரணச் சம்பளக்காரனும் தெருவில் நின்று செய்யக்கூடிய வேலை இது. இப்படியே கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், வால்வு எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தன. ஒரு கோளாறு வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதை ஒரு மனிதன் தேடிக் கண்டுபிடித்துவிட முடியும்.

தேட வேண்டியது நிறைய என்பதும் உண்மை. ஃபைபர்கிளாஸ் உடல் மின்காந்த அலைகளைத் தடுக்காது. அதனால் ஸ்பார்க் பிளக் வயர்களைச் சுற்றி உலோகக் கவசம் போடாவிட்டால் ரேடியோவில் பாட்டுக்குப் பதில் கரகரப்புதான் கேட்கும். பிளக் மாற்ற வேண்டுமானால் முதலில் அந்தக் கவசங்களைக் கழற்ற வேண்டும். 1968-இல் வந்த மாடலில் முன்விளக்குகளை மேலே தூக்குவது மோட்டார் இல்லை, என்ஜின் உறிஞ்சும் வெற்றிடம். ஏகப்பட்ட ரப்பர் குழாய்கள். ஏதாவது ஒன்றில் மயிரிழை விரிசல் விட்டால் ஒரு விளக்கு எழுந்து, மற்றது தூங்கும். இரவில் ஒற்றைக் கண்ணோடு வீடு திரும்பாத சொந்தக்காரர் அபூர்வம். இந்த எரிச்சலையெல்லாம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் எரிச்சல் இருப்பதில்லை. இன்றைய காரில் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி. மூடிக்குக் கீழே உள்ளதை அறிய மென்பொருள் வேண்டும். முழு வேலைநாளையும் திரையின் முன் கழிக்கும் ஒருவருக்கு, காரணம் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு ஒரு விடுமுறையாகவே தோன்றுகிறது.

இதற்குத் துணைநிற்பது உதிரிச் சந்தை. டன்டோவ் தன் குறிப்பில் கேட்டது நடந்ததோடு நிற்கவில்லை, அளவுக்கு மிஞ்சி நடந்தது. கார்வெட்டின் கதவு ரப்பர், இருக்கைத் துணி, மரையாணி வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1960-களின் மஸ்டாங்குக்கு முழு உடற்கூட்டையே தகரம் அடித்துப் புதிதாகத் தருகிறார்கள். அதே வயதுள்ள ஒரு இத்தாலியக் காரின் விளக்குக் கண்ணாடி உடைந்தால், ஒன்று தேடிக் கிடைக்கும்வரை கார் ஷெட்டில் நிற்க வேண்டியதுதான்.

எல்லா உதிரியும் புதிதாகக் கிடைக்கிறதென்றால் எது ஒரிஜினல்? இந்தக் கேள்வி இப்பொழுதுபோக்கை இரண்டாகப் பிரித்துவிட்டது. 1974-இல் தொடங்கிய தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கம், கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்று மதிப்பெண் போடுகிறது. நூற்றுக்கு 94 வாங்கினால் உயர்ந்த விருது. தொழிற்சாலையில் பெயின்ட் வழிந்திருந்தால் இங்கும் வழிய வேண்டும். சோதனை செய்தவர் மெழுகுக்கோலால் கிறுக்கியிருந்தால் இங்கும் கிறுக்கல் வேண்டும். அன்றைவிடப் பளபளப்பாக இருந்தால் மதிப்பெண் குறையும். அவசரத்தில் ஒரு தொழிலாளி செய்த பிசகை அரை நூற்றாண்டு கழித்து மெனக்கெட்டு மறுபடி செய்யும் இந்தப் பக்திக்கு வேறெங்கும் ஈடு கண்டதில்லை.

என்ஜின் எண்ணும் அப்படித்தான். 1960 முதல் காரின் வரிசை எண்ணின் ஒரு பகுதியை என்ஜினின் முன்பக்கத் திட்டிலும் பொறித்தார்கள். இரண்டும் பொருந்தினால் ஒரு விலை. பொருந்தாவிட்டால் அதில் கணிசமாகக் குறைவு. பணம் இருக்கும் இடத்தில் டூப்ளிகேட்டும் இருக்கும். எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் அடிப்பவர்கள் வந்தார்கள். அந்தத் திட்டின் மேல் தொழிற்சாலையின் வெட்டுக்கருவி விட்ட மெல்லிய கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் நிபுணர்களும் பின்னாலேயே வந்தார்கள். 1967-ஐ ஒட்டிய காலத்திலிருந்து பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டப்பட்ட தயாரிப்புத் தாள் ஒரு பெரிய சாட்சி. அதைப் பார்க்க டேங்கை இறக்க வேண்டும். இறக்கிப் பார்த்தால் பல சமயம் எலி தின்றிருக்கும். மறுபக்கம், பழைய உடலுக்குள் புது என்ஜின், புது பிரேக், குளிர்சாதனம் எல்லாம் வைத்து ஓட்டுகிறவர்கள். முன்னவர்கள் இவர்களைத் துரோகிகளாகப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ டன்டோவ் இருந்திருந்தால் இந்தத் துரோகிகளின் பக்கம்தான் நின்றிருப்பார் என்று தோன்றுகிறது.

பணம் பெருகும் என்பவர்கள் காட்டும் உதாரணங்கள் கண்ணைப் பறிப்பவை. 1967-இல் எல்88 என்ற பந்தய என்ஜின் வைத்த கார்வெட்டை வாங்கியவர்கள் 20 பேர்தான். ஹீட்டர் இல்லை, ரேடியோ இல்லை, சாதாரணப் பெட்ரோல் ஊற்ற முடியாது. போதாததற்கு நிறுவனமே அதன் திறனைக் குறைத்து 430 குதிரைசக்தி என்று அறிவித்தது. அவற்றில் ஒன்று 2014 ஜனவரியில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில் 38.5 லட்சம் டாலருக்குப் போனது. 1971-இன் ஹெமி என்ஜின் வைத்த பிளிமத் குடா, துணிக்கூரை மாடலில் 11 மட்டுமே செய்யப்பட்டது. அதற்கும் ஏலத்தில் இதே அளவு விலை வந்திருக்கிறது. அபூர்வமாக இருப்பதற்குக் காரணம் அன்று யாரும் வாங்காததுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்க ஆளில்லாத பண்டமே வாரிசுகளுக்குப் பொக்கிஷமாகிறது. எது அப்படி ஆகும் என்று முன்கூட்டித் தெரிந்தவர் யாருமில்லை.

இன்னொரு கதை, புல்லிட் படத்தில் ஸ்டீவ் மக்வீன் சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் பறக்கவிட்ட பச்சை மஸ்டாங். ஒரு குடும்பம் 1974-இல் அதை 6,000 டாலர் சுமாருக்கு வாங்கி அன்றாடம் ஓட்டியது. 1977-இல் மக்வீனே திருப்பி விலைக்குக் கேட்டுக் கடிதம் எழுதினார், கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் அது ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது, ஏலக் கட்டணம் தனி. இதை முதலீட்டுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பம் அதை வாங்கியது ஓட்டுவதற்கு. முதலீட்டுக்கென்று 2006, 2007-இன் உச்ச விலையில் இவ்வகைக் கார்களை வாங்கியவர்கள் அடுத்த ஓரிரு ஆண்டில் பட்ட பாட்டை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. பெயின்ட், குரோம், இருக்கை, என்ஜின் என்று முறையாகப் புதுப்பித்தால் ஆகும் செலவு, பெரும்பாலான மாடல்களில், விற்றால் வரும் விலையைத் தாண்டிவிடும். பழைய கார்களுக்கென்றே உள்ள இன்ஷூரன்ஸ், மதிப்பை முன்கூட்டி ஒப்புக்கொண்டு குறைந்த பிரீமியம் வாங்கும். பதிலுக்கு அன்றாடம் ஓட்டக்கூடாது என்று கட்டுப்படுத்தும். பெருகும் பணமாகக் காரைப் பார்க்கத் தொடங்கியவர், ஓட்டிய ஒவ்வொரு மைலையும் நஷ்டக் கணக்கில் எழுத ஆரம்பித்துவிடுகிறார். அதற்குப் பிறகு அவரிடம் இருப்பது கார் இல்லை.

நினைவு என்ற காரணம் பாதி உண்மை. 1960-களின் அமெரிக்காவில் பதின்வயதைக் கழித்தவர்களுக்கு கார்வெட் வெற்றியின் வண்டி. இண்டியனாபோலிஸ் 500 பந்தயத்தில் வென்ற ஜிம் ராத்மேன், ஃப்ளோரிடாவில் கார் டீலராக இருந்தபோது விண்வெளி வீரர்களுக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் ஷெவர்லே கார்கள் கிடைக்க ஏற்பாடு செய்தார். பெரும்பாலோர் கார்வெட் எடுத்தார்கள். 1969-இல் அப்போலோ 12-இன் மூவரும் ஒரே மாதிரித் தங்கநிறக் கார்களில் வந்தார்கள். ஜான் க்ளென் மட்டும் வழிக்கு வரவில்லை; அவர் சிக்கனமான ஜெர்மன் குட்டிக் காரில் போய்வந்தார். முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு அவர் தந்தை கல்யாணப் பரிசாகக் கொடுத்த 1967 பச்சை கார்வெட் இன்றும் அவரிடம் இருக்கிறது. பதவியில் இருந்தபோது பொதுச்சாலையில் ஓட்டப் பாதுகாப்புப் படை அனுமதிக்கவில்லை என்பது அவர் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட வருத்தம். இவையெல்லாம் ஆண்களின் நினைவாகவே எழுதப்பட்டுவிட்டன. 1956-இல் டேடோனா கடற்கரை மணலில் கார்வெட்டை அதிவேகத்தில் ஓட்டியவர்களில் ஒருவர் பெட்டி ஸ்கெல்டன் என்ற பெண்.

1970-இன் தூய காற்றுச் சட்டம், ஈயமில்லாப் பெட்ரோல், 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்தன. 1975-இல் கார்வெட்டின் சாதாரண என்ஜின் 165 குதிரைசக்தியில் நின்றது. ஆனால் விற்பனை சரியவில்லை: 1979-இல் 53,807 கார்கள், வேறெந்த ஆண்டும் எட்டாத எண்ணிக்கை. வேகம் போன பிறகும் வாங்கினார்கள் என்றால், வேகம் எப்போதுமே முதல் காரணமாக இருந்திருக்கவில்லை. நினைவுகளுக்கு உரியவர்கள் முதுமை அடைகிறார்கள். அடுத்த தலைமுறையின் ஏக்கம் 1980, 90-களின் கார்கள் மேல், பெரும்பகுதி ஜப்பானியக் கார்கள் மேல் போய்விட்டது. நினைவை மட்டும் நம்பி நிற்கும் விலைகள் இறங்குவதில் வியப்பில்லை.

கூட்டாளிகள் என்ற காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். எதிரே இன்னொரு கார்வெட் வந்தால் கை காட்டுவது எழுதாத சட்டம். 1995 முதல் ஆகஸ்ட் மாதத்தில் டெட்ராய்ட்டின் வுட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்வலமாக ஊர்கின்றன. கென்டக்கியின் பௌலிங் கிரீனில் கார்வெட் தொழிற்சாலைக்கு எதிரே 1994-இல் திறந்த அருங்காட்சியகத்தில் டன்டோவின் அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது. 2014 பிப்ரவரி 12 அதிகாலை அங்கே தரை உள்வாங்கி எட்டு கார்களை விழுங்கியது. மூன்றைப் புதுப்பித்தார்கள், ஐந்தை நசுங்கியபடியே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நசுங்கியதைப் பார்க்கவே கூட்டம் கூடியது.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். ஏர்பேக் இல்லை, மோதினால் நசுங்கி உயிர்காக்கும் முன்பகுதி இல்லை, ஸ்டீயரிங் தண்டு நெஞ்சுக்கு நேரே. 1975-க்கு முந்தையவற்றில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கியும் இல்லை. கலிபோர்னியாவே 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு அளித்திருப்பதற்குக் காரணம் அவை குறைவாக இருப்பதும் குறைவாக ஓடுவதும்தான். இந்த விலக்கை உரிமை என்று எண்ணித் தினமும் ஓட்டக் கிளம்பினால் விலக்கு நிலைக்காது. பண்டிகைக்கு எடுக்கும் நகை மாதிரி வைத்துக்கொள்வதே நியாயம்; பெட்டியில் பூட்டியே வைப்பதும் இல்லை, அடுக்களையில் போட்டுத் திரிவதும் இல்லை.

அமெரிக்காவில் வாழும் வாசகர் யாருக்காவது இந்த ஆசை இருந்தால், என் தீர்ப்பு இது. பிளந்த கண்ணாடியையும் எல்88-ஐயும் வங்கிக் கணக்கு பெருத்தவர்களுக்கு விட்டுவிடுங்கள். 1970-களின் சாதாரண 350 கன அங்குல என்ஜின் வைத்த, எண் பொருந்தாத, பெயின்ட் கொஞ்சம் மங்கிய ஒன்றைத் தேடுங்கள். அதில் திருகுவதற்கும் ஓட்டுவதற்கும் யாரும் தடை சொல்ல மாட்டார்கள். கலிபோர்னியாவில் இருந்தால் 1975-ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புகைச் சோதனைக்குப் போக வேண்டிவரும். என்ஜின் ஓசையில் மயங்குவதற்கு முன் முன்கண்ணாடித் தூண்களின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது என்று விற்பவர் சொல்வது உண்மைதான். அதற்கு உள்ளே கண்ணாடியையும் கதவையும் தாங்கி நிற்கும் இரும்புக் கூடு துருப்பிடிக்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு பல சமயம் காரின் விலையை விட அதிகம்.